தென்னாப்பிரிக்கக் கரும்புக்காட்டு வழியே பன்னிரண்டு சைக்கிள்: வாசகர் கேள்வி-பதில்

ஜூன் மாதம் பன்னிரண்டு பேர் வெருலத்தில் கிளம்பி, பழைய ஆர்102 சாலையில் டோங்காட் வழியாகக் குவாடுகுசா போய் அன்றே திரும்பப் போகிறோம். ஏறத்தாழ 95 கிலோமீட்டர். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் போதுமா?
*வெருலம் வாசகர்*

போதாது. ஜூனில் டர்பன் பக்கம் 6.50 வாக்கில் சூரியன் உதிக்கும். மாலை ஐந்து தாண்டியதும் மறைந்துவிடும். மணிக்கு 18 கி.மீ. என்று வைத்தால் ஓட்டும் நேரம் ஐந்தேகால் மணி. அதோடு நிற்கும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். தனி ஆள் ஐந்து நிமிடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய்விடுவார். பன்னிரண்டு பேர் நின்றால் ஒருவர் கையுறையைத் தேடுவார், ஒருவர் போனில் பேசுவார், எல்லாரும் தயாராகும்போது முதலில் தயாரானவர் கழிவறைக்குப் போவார். இருபது நிமிடம் போச்சு. இப்படி ஆறு முறை நின்றால் இரண்டு மணி நேரம். சாப்பாட்டுக்கு 45 நிமிடம், இரண்டு பஞ்சருக்கு 40 நிமிடம். மொத்தம் எட்டு மணி நாற்பது நிமிடம். ஒன்பதுக்குக் கிளம்பினால் கடைசி அரை மணி இருட்டில்தான் ஓட்டுவீர்கள். ஏழுக்குக் கிளம்புங்கள், நிற்கும் இடங்களை நான்காகக் குறைத்து முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.

பழகிய ஒருவர் எப்போதும் கடைசியில் வரட்டும். பம்பும் கருவிகளும் அவரிடம் இருக்கட்டும். அவர் யாரையும் முந்தக் கூடாது. மேடு ஏறியவர்கள் உச்சியில் காத்திருப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் கடைசி ஆள் தலை தெரிந்ததுமே ‘போகலாமா?’ என்று கிளம்பிவிடுகிறார்கள். எல்லாரும் இளைப்பாறி முடித்திருப்பார்கள், களைத்து வந்தவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. மூன்று மேட்டில் இப்படிச் செய்தால் நாலாவது மேட்டில் அவர் இறங்கித் தள்ளுவார். அவர் வந்து சேர்ந்த பிறகு மூன்று நிமிடம் கொடுங்கள்.

கரும்பு லாரிகளை நினைத்தால் பயமாக இருக்கிறது. எப்படி ஓட்டுவது?
*டோங்காட் வாசகி*

நியாயமான பயம். ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை ஆலைகள் ஓடும் காலம். இழுவை லாரி சட்டப்படி 22 மீட்டர் நீளம் வரை இருக்கலாம். பன்னிரண்டு சைக்கிள் ஒரே வரிசையில் போனால் அதுவும் நாற்பது மீட்டருக்கு மேல் வரும். அவ்வளவையும் ஒரே மூச்சில் முந்த லாரிக்காரருக்கு வழி கிடைக்காது. பொறுமை இழந்து வளைவில் ஏறுவார். நாலு நாலு பேராகப் பிரிந்து, குழுவுக்குக் குழு நூறு மீட்டர் விடுங்கள். லாரி இடையில் புகுந்து மூச்சு வாங்கிக்கொள்ளும். பேச்சுத் துணைக்கு ஜோடி போட்டு ஓட்டக் கூடாது: முந்தும்போது தவிர ஒற்றை வரிசை என்பதுதான் இந்நாட்டுச் சட்டம். தலைக்கவசமும் கட்டாயம். என்2 நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதியே கிடையாது.

லாரி பக்கத்தில் வரும்போது காற்று முதலில் உங்களை வெளியே தள்ளும், கடந்ததும் உள்ளே இழுக்கும். முழங்கையைத் தளர்த்தி, ஹேண்டிலை இரு கையாலும் பிடித்து நேரே போங்கள். லாரியிலிருந்து விழுந்த கரும்புத்துண்டு இன்னும் மோசம். சாய்வாக ஏறினால் சக்கரத்தின் அடியில் உருளும். முன்னால் பார்த்தவர் கையை நீட்டிக் காட்டி, ‘கரும்பு!’ என்று கத்த வேண்டும்.

தோட்டத்து மண்சாலையில் இறங்கினாலே பஞ்சர். ஒட்டிய இடத்திலேயே மறுபடி காற்று போகிறது.
*செட்ஸ்வொர்த் வாசகர்*

இங்கே ‘டூவெல்கி’ என்று ஆப்பிரிக்கான்ஸில் சொல்லும் முள் நம்ம நெருஞ்சியேதான். காய் ஐந்து துண்டாக உடையும். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல் நோக்கி நிற்கும். முனை டயருக்குள் ஒடிந்து தங்கிவிடும். ட்யூபை மட்டும் ஒட்டி மாட்டினால் அதே முனை மறுபடி குத்தும். டயரின் உட்புறம் முழுக்கப் பழந்துணியால் துடையுங்கள்; துணி சிக்கும் இடத்தில் முள் இருக்கும். வெறும் விரலை விடாதீர்கள்.

ஓட்டையைப் படிக்கவும் தெரிய வேண்டும். டயர் பக்கம் ஒற்றைத் துளை என்றால் முள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு என்றால் காற்று குறைவு: கல்லில் ஏறும்போது ட்யூப் ரிம்மில் நசுங்கியிருக்கிறது. ரிம் பக்கத்துத் துளை என்றால் உள்ளே ஒட்டிய பட்டை விலகி ஸ்போக் ஓட்டை வெளியே தெரிகிறது. எத்தனை பேட்ச் போட்டாலும் தீராது.

பேட்ச் பிடிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். நன்றாகத் தேய்த்து, பசையை மெல்லியதாகப் பூசி, பளபளப்பு போகும்வரை ஐந்து நிமிடம் விட வேண்டும். ஈரமாக ஒட்டினால் வெயிலில் கழன்றுவிடும். அதனால் வழியில் புது ட்யூபை மாட்டுங்கள், ஒட்டுவதை ராத்திரி வீட்டில் செய்யுங்கள். ஆளுக்கு இரண்டு ட்யூப். அடிக்கடி மண்சாலை என்றால் ட்யூப் இல்லாத டயருக்கு மாறி, அடைப்பு திரவம் ஊற்றிக்கொள்ளுங்கள். 40 மி.மீ. டயருக்கு 60 மி.லி. போதும், ஆனால் நம்மூர் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், பார்த்து ஊற்ற வேண்டும்.

புரட்டாசி விரதத்தில் இருக்கிறேன். நூறு கிலோமீட்டருக்கு என்ன சாப்பிடுவது?
*ஃபீனிக்ஸ் வாசகி*

சைவத்தில் குறையொன்றும் இல்லை. மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழம் 25 கிராம் வரை தரும். ஜாம் தடவிய இரண்டு துண்டு ரொட்டி 40 கிராம் வரை. புளிச்சோறு அருமை: கெடாது, உப்பும் கிடைக்கும். கிளம்பி முக்கால் மணியிலேயே கொறிக்கத் தொடங்குங்கள். பசித்த பிறகு தின்றால் உடம்பு பிடித்துக்கொள்ள நேரமாகும். குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் குழம்பு ஊற்றித் தரும் பீன்ஸ் பன்னியை ஊர் திரும்பியபின் வைத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் அவ்வளவு எண்ணெய் இறங்கினால் அடுத்த மேட்டில் பதில் சொல்லும்.

தண்ணீர் மணிக்கு 500 முதல் 700 மி.லி. செப்டம்பரில் உள்நாட்டு மலைப் பக்கமிருந்து பெர்க் காற்று என்னும் சூடான வறண்ட காற்று வீசினால் ஒரு லிட்டர்கூடப் போதாது. அந்தக் காற்று அடங்கியதும் பெரும்பாலும் குளிரும் தூறலும் வரும், ஆகையால் மெல்லிய மழைச்சட்டை பையில் இருக்கட்டும்.

60 கிலோமீட்டருக்குப் பிறகு முட்டி வலிக்கிறது.
*பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்*

முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு. பின்பக்கம் என்றால் உயரம். பெடலைக் கீழே விட்டுக் குதிகாலை வையுங்கள், கால் நேராக நீள வேண்டும். ஒரேயடியாக மாற்றாமல் 5 மி.மீ. மாற்றி இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள்.

ஹோவிக்கிலிருந்து நாட்டிங்ஹாம் ரோடு வரை ஜூலையில் போகலாமா? பண்ணைக் கதவுகளைத் திறந்து போக அனுமதி வாங்கியிருக்கிறோம்.
*ஸ்டேஞ்சர் வாசகர்*

போகலாம், ஆனால் கடற்கரைக் குளிரை நினைத்துக் கிளம்பாதீர்கள். அங்கே காலையில் புல்லெல்லாம் உறைபனி. எட்டரைக்கு முன் இறக்கத்தில் இறங்கினால் விரல் விறைத்து பிரேக் பிடிக்க வராது; முழு விரல் கையுறை வேண்டும். பால் கறக்கும் நேரத்தில் மாடுகள் சாலையைக் கடக்கும். மணியடிக்காமல் நின்று விடுங்கள். அவை போன இடத்துச் சாணி வழுக்கும். கதவு மூடியிருந்தால் மூட வேண்டும், திறந்திருந்தால் திறந்தபடியே விட வேண்டும். முதல் ஆள் எப்படிப் பார்த்தாரோ அதைக் கடைசி ஆளுக்குச் சொல்ல, நடுவில் ஒருவர் கதவருகிலேயே நிற்கட்டும்.