மூன்று லட்சத்தில் தங்கை கல்யாணம்

அன்புள்ள அக்காவுக்கு,

காட்பாடிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. அம்மா ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார். எனக்கு ராணிப்பேட்டையில் வேலை. பி.காம் முடித்த தங்கைக்கு ஆற்காட்டில் மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. தை மாதம் கல்யாணம், செலவு பாதிப் பாதி. எங்கள் கையில் மூன்று லட்சம்தான் இருக்கிறது. "எட்டு லட்சம் இல்லாமல் சபையில் நிற்க முடியாது, வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கு" என்கிறார் தாய்மாமா. கோயிலில் செய்யலாமா என்று கேட்டால், "அப்பா இல்லாத பொண்ணுன்னு இப்படிப் பண்ணிட்டாங்கன்னு பேசுவாங்க" என்று அம்மா அழுகிறார். என்ன செய்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள். மற்ற எதை வேண்டுமானாலும் கூட்டிக் குறைத்துப் பேசலாம். இது ஒன்று முடிவாக இருக்கட்டும்.

எங்கள் அக்கா கல்யாணம் 2003இல் குடியாத்தத்தில் ஒரு சத்திரத்தில் நடந்தது. முந்தின நாள் ரிசப்ஷனுக்கு அறுநூறு பேருக்குச் சமைத்தார்கள். சாயங்காலம் பிடித்த மழை விடவில்லை. வந்தவர்கள் முந்நூறுக்கும் குறைவு. விடிகாலையில் சமையல்கட்டுக்குப் போனேன். அண்டா நிறையச் சாதம், மேலே ஈரத்துணி. அப்பா துணியை ஓரமாகத் தூக்கி, இரண்டு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கி முகர்ந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் துணியை இழுத்து மூடிவிட்டு, வந்தவர்களுக்குக் காபி கொடுக்கப் போய்விட்டார். நாற்பது சென்ட் நிலத்தை அடகு வைத்து வாங்கிய அரிசி அது. அக்கா பையன் நாலாவது படிக்கும்போதுதான் அந்த நிலத்தை மீட்டோம்.

மண்டபம், இலை, வேன், தாம்பூலப் பை எல்லாமே தலைக்கணக்கில்தான் ஏறுகின்றன. அதனால் முதலில் அம்மாவோடு உட்கார்ந்து, யார் யாருக்குச் சொல்வது என்று எழுதுங்கள். அப்பா காலத்து மொய் நோட்டு வீட்டில் இருந்தால் அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ளவர்களை விட முடியாது. ஆனால் மொய் வரும், அடைத்துவிடலாம் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். அதுவும் ஒருநாள் திருப்பிச் செய்ய வேண்டிய பணம்தான். உங்கள் பக்கம் இருநூறு பேருக்குள் நிறுத்தப் பாருங்கள்.

அடுத்து, முந்தின நாள் ரிசப்ஷன். இதை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். மண்டபத்துக்கு இரண்டு நாள் வாடகை, ராத்திரிச் சாப்பாடு, மேடை அலங்காரம், லைட் மியூசிக், இரவு தங்குகிறவர்களுக்கு ரூம் என்று பாதிப் பணம் அங்கேயே போய்விடும். காலை முகூர்த்தம், டிபன், மதியச் சாப்பாடு. அவ்வளவு போதும். தையில் வளர்பிறை முகூர்த்தம் என்றால் மண்டபங்கள் பிடிகொடுக்காது. தேய்பிறையிலும் நல்ல முகூர்த்தங்கள் உண்டு, ஜோசியரிடம் கேளுங்கள். அந்த நாட்களில் வாடகையைப் பேசிக் குறைக்க முடியும். மாப்பிள்ளை வீட்டாரிடமும் கூச்சப்படாமல் பேசுங்கள். நம் பக்கம் பல குடும்பங்களில் ஒரு காலத்தில் கல்யாணத்தையே மாப்பிள்ளை வீட்டார்தான் நடத்தினார்கள். பாதிப் பாதிக்கு ஒத்துக்கொண்டவர்கள் இதையும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

சாப்பாட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். வகையைக் குறையுங்கள், ருசியைக் குறைக்க வேண்டாம். கேட்டரிங்கில் இலைக்கு இவ்வளவு என்று பேசினால், குறைந்தது இத்தனை இலை என்று முன்பே ஒத்துக்கொள்ளச் சொல்வார்கள். வராதவர் இலைக்கும் பணம். அதற்குப் பதில் ஊரில் தெரிந்த சமையல்காரரைக் கூலிக்குப் பேசி, லிஸ்ட் வாங்கி, சாமான்களை நீங்களே வாங்குங்கள். அரிசி ஆரணியில். காய் வாங்க முந்தின நாள் விடியற்காலையில் வேலூர் நேதாஜி மார்க்கெட். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கிடைத்தால் விடாதீர்கள், புவிசார் குறியீடு வாங்கிய காய் அது. அதில் ஒரு காரக்குழம்பு, ஒரு கூட்டு, ஒரு பொரியல், ரசம், வடை, பாயசம், மோர். பந்தியில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இந்த மார்க்கெட் வேலைக்கு மாமாவையே கூட்டிக்கொண்டு போங்கள். அவர் எட்டு லட்சம் என்பது, அக்கா மகள் கல்யாணத்தில் குறை வந்தால் தன்னைத்தான் கேட்பார்கள் என்ற பயத்தில் என்று நினைக்கிறேன். கணக்கை முதலில் அவரிடம் காட்டுங்கள். தாய்மாமன் முன்னால் நின்று நடத்துகிற கல்யாணத்தை அப்பா இல்லாத கல்யாணம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அம்மாவின் அழுகை கோயிலைப் பற்றியது அல்ல, தனியாக நிற்பதைப் பற்றியது.

கோயிலைப் பொறுத்தவரை, வள்ளிமலை உங்கள் காட்பாடி தாலுகாவிலேயே இருக்கிறது. முருகன் வந்து வள்ளியைக் கைப்பிடித்த மலை என்று கும்பிடுகிறோம். அங்கே தாலி கட்டினால் குறைவு என்று அம்மாவே நினைக்க மாட்டார். முகூர்த்தத்தை அங்கே வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு மட்டும் பக்கத்தில் சின்ன மண்டபம் எடுக்கலாம். ஆதார், வயதுச் சான்று, இதுதான் முதல் திருமணம் என்பதற்கான சான்று எல்லாம் கோயில்களில் கேட்பார்கள். ஒரு மாதம் முன்பே ஆபீஸில் விசாரித்து வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் உங்களுக்கு முக்கியமானது. தாலிக்குத் தங்கம் தந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம் 2022இல் புதுமைப் பெண் திட்டமாக மாறிவிட்டது. அதனால் இனி எதுவும் கிடைக்காது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ஏழை விதவைத் தாயின் மகளுக்கு ஈ.வெ.ரா. மணியம்மையார் நினைவுத் திருமண நிதியுதவித் திட்டம் தனியாக இருக்கிறது. அதில் தாலிக்கு 8 கிராம் தங்கம், பட்டம் படித்த பெண்ணுக்கு 50,000 ரூபாய். வருமான வரம்பு உண்டு. கல்யாணத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அம்மாவை அழைத்துக்கொண்டு இந்த வாரமே வேலூர் மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். அந்தப் பணத்தை மட்டும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டாம், வரும்போது வரட்டும்.

புடவைக்கு ஆரணிப் பட்டு பாருங்கள். காஞ்சிபுரத்தைவிட எடையும் குறைவு, விலையும் குறைவு. தங்கையையும் கூட்டிப்போய் அவளே எடுக்கட்டும். பத்திரிகை நூறு அடித்தால் போதும், மற்றவர்களுக்கு வாட்ஸ்அப். அப்புறம், கல்யாணம் முடிந்து 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம். கோயில் ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால் அப்போது உதவும்.

அடித்த நூறில் ஒரு பத்திரிகை எனக்கும் அனுப்புங்கள். தை மாதம் நான் வேலூரில்தான் இருப்பேன், உங்கள் அம்மாவைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா