பொருத்தம் பார்ப்பது யார்?

கேள்வி: ஒரு நாட்டில் பெரும்பான்மை மக்களின் பண்பாடுதானே தேசியப் பண்பாடாக இருக்க முடியும்? மலேசியாவில் மட்டும் இதை ஏன் இத்தனை வருடமாக இழுத்துக்கொண்டிருக்கிறோம்?
– ஒரு வாசகர், ஈப்போ

பதில்: இழுத்துக்கொண்டிருப்பது நாமல்ல, ஒரு சொல். 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு, 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியப் பண்பாட்டு மாநாடு கூடி மூன்று கொள்கைகளை வகுத்தது. இந்த வட்டாரத்துப் பூர்வகுடிகளின் பண்பாடு அடித்தளமாக இருக்கும். மற்றவர்களின் பண்பாட்டில் 'பொருத்தமான' கூறுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். இஸ்லாம் அதில் முக்கிய அங்கம். முதலாவதோடு எனக்குச் சண்டை இல்லை. மலாய்மொழிக்கும் மலாய்க்காரர் வாழ்க்கைக்கும் இங்கே பெரிய பங்கு இருப்பது இயல்புதான், அதை யாரும் மாநாடு போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. என் வழக்கு அந்தப் 'பொருத்தமான' என்பதோடுதான். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதென்றால்கூட இரண்டு ஜாதகம் வேண்டாமா? இங்கே ஒரு பக்கத்து ஜாதகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பொருந்துகிறது, பொருந்தவில்லை என்றால் எப்படி?

சீனர்களின் சிங்க நடனம் இப்படித்தான் மாட்டியது. இந்த நாட்டில் சிங்கமே கிடையாது, புலி ஆடட்டும் என்றுகூட ஒரு காலத்தில் யோசனை வந்தது! இன்றைக்கு உயரமான இரும்புக் கம்பங்களின் மேல் தாவித் தாவி ஆடும் நம் மூவார் ஊர்க் குழு உலகப் போட்டிகளில் ஜெயித்துக்கொண்டு வந்தால், மலேசியாவுக்கு வெற்றி என்று எல்லாரும் கைதட்டுகிறோம்.

சரி, சிறுபான்மைக்குத்தான் இந்தத் தொல்லை என்று நினைக்கிறீர்களா? கிளந்தானின் மாக் யோங் நாடகத்தைப் பாருங்கள். அசல் மலாய்க் கலை, அந்த முதல் கொள்கைக்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. அதைத்தான் கிளந்தான் மாநில அரசு 1991-ல், சமயத்துக்கு ஒவ்வாது என்று சொல்லி, பொதுவில் ஆடக் கூடாதென்று தடுத்தது. 2005-ல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பாரம்பரியம் என்று அறிவித்தபோதும் சொந்த ஊரில் தடைதான், 2019-ல்தான் சில நிபந்தனைகளோடு தளர்த்தினார்கள். ராமாயணக் கதை சொல்லும் கிளந்தான் தோல்பாவைக் கூத்துக்கும் இதே கதிதான். ஆக, பெரும்பான்மைப் பண்பாடு என்று நீங்கள் சொல்வதற்குள்ளேயும் ஒருவர் உட்கார்ந்து பொருத்தம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

என்னைக் கேட்டால், பண்பாடு எது என்று முடிவு கட்டுவது அரசாங்கத்தின் வேலையே இல்லை. மண்டபம், மானியம், போலீஸ் அனுமதி மூன்றும் எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைத்தால் போதும், மிச்சத்தை ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள். உடனே ரொட்டி சானாய், தே தாரேக் என்று ஆரம்பித்துவிடாதீர்கள், சாப்பாட்டை ஏற்றுக்கொள்ள யாருக்கும் எப்போதும் கஷ்டம் இருந்ததில்லை. நான் சொல்வது மொழியை. நம் தமிழ்க் கடை மலாய்க்காரர்களுக்குக் 'கெடாய்', கப்பல் 'காப்பால்', பெட்டி 'பெத்தி'. மணமக்களை மலாயில் 'மெம்பெலாய்' என்பார்கள், நம்ம மாப்பிள்ளைதான் அது. அவர் எந்தக் கமிட்டியிடமும் பொருத்தம் பார்க்காமல் எப்போதோ அந்த வீட்டுக்குள் போய் மணவறையிலும் உட்கார்ந்துவிட்டார்.