லே பயணம்: ஆக்சிஜன் கேன் வாங்கித்தான் ஆகணுமா?

கேள்வி: அடுத்த மாதம் அப்பா, அம்மாவோடு (இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள்) விமானத்தில் லடாக்கில் உள்ள லே போகிறோம். அங்கே காற்றில் ஆக்சிஜன் 13 சதவீதம்தான் என்று சொல்லி, டிராவல்ஸ்காரர் ஆளுக்கு நான்கு ஆக்சிஜன் கேன் பில்லில் சேர்த்திருக்கிறார். தேவையா, டாக்டர்?
- மதுரை வாசகி

பதில்: மதுரையானாலும் லே ஆனாலும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஏறக்குறைய 100 கி.மீ. உயரம் வரை காற்று கலந்துகொண்டே இருப்பதால் அந்த விகிதம் மாறுவதில்லை. குறைவது அழுத்தம். வளிமண்டலத்தின் எடையில் பாதி, கீழேயுள்ள ஐந்தரை கி.மீ.க்குள்ளேயே அடங்கிவிடுகிறது. லே 3,500 மீட்டர் உயரம். அங்கே ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் நமக்கு இங்கே கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. இந்தக் குறைவைத்தான், 21 சதவீதமே 13 ஆகிவிட்டது போலத் திரித்து விற்கிறார்கள்.

உடம்பு இதற்குப் பழக இரண்டு நாளாவது வேண்டும். கேன் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், உடம்பைப் பழக்காது. கர்ப்பூரம் முகர்ந்தாலும் ஆக்சிஜன் ஏறாது, வாட்ஸ்அப்பில் யார் அனுப்பியிருந்தாலும் சரி.

கேனை விடுங்கள், இரண்டாம் நாளில் என்ன போட்டிருக்கிறார் என்று பாருங்கள். லேக்கு மேலேயுள்ள கர்துங் லா கணவாய் என்றிருந்தால் சண்டை போடுங்கள். அது 5,359 மீட்டர்; அழுத்தம் பாதிதான். அங்கே 18,380 அடி என்று பல வருடம் பலகை வைத்திருந்தார்கள். உண்மையில் சுமார் 17,580 அடி. உயரத்தைக் கூட்டி எழுதத் தெரிந்தவர்களுக்கு, நேற்று இறங்கிய பெரியவர்களை வண்டியில் ஏற்றாதே என்று தடுக்கத் தெரியவில்லை. மணாலியிலிருந்து சாலை வழியே போனால் மெல்ல மெல்லப் பழகிவிடும் என்பார்கள். இரவு தங்க வைக்கும் சர்ச்சு, லேயை விட உயரம்!

ஆக்சிஜனே வேண்டாமா என்றால், ஒரு இடத்தில் வேண்டும். படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கிறது என்று பொருள். அப்போது மாஸ்க்கோடு பெரிய சிலிண்டர், அதுவும் மருத்துவர் சொல்லும் அளவில். சிலிண்டர் கிடைத்துவிட்டதே என்று அங்கேயே உட்காரக் கூடாது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழே இறக்க வேண்டும். இரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கேன் இந்த இடத்தில் பொம்மை.

உயரத்தால் வரும் தொல்லையைத் தடுக்கத் தரும் அசெட்டசோலமைடு மாத்திரையை நீங்களாக மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள். அப்பா அம்மாவின் மருத்துவரிடம் பிரஷர், இதய மாத்திரைச் சீட்டுகளைக் காட்டி, சல்பா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லிக் கேளுங்கள். டிராவல்ஸ்காரரிடம் கேனை நீக்கச் சொல்லி, முதல் இரண்டு நாள் லேயில் ஓய்வு என்று எழுதி வாங்கிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.