ஈழநாடு: எரிந்ததும் நின்றதும்

அன்புள்ள சார்,

யாழ் நூலகம் பற்றிய கட்டுரையில் ‘அதே நாட்களில் ஈழநாடு அலுவலகமும் கொளுத்தப்பட்டது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது எப்படிப்பட்ட பத்திரிகை? அந்தத் தீயோடு நின்றுபோனதா?

கே. எஸ்., திருச்சி

அன்புள்ள கே. எஸ்.,

நிற்கவில்லை. நம் பக்கத்தில் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கே. சி. தங்கராஜா, சண்முகரத்தினம் சகோதரர்கள் 1959-ல் வார இதழாகத் தொடங்கியது, 1961-ல் நாளேடானது. அதுவரை யாழ்ப்பாணத்துக்காரர் நாளேடு படிக்க வேண்டுமென்றால் வீரகேசரியோ தினகரனோ கொழும்பிலிருந்து ரயிலேறி வரவேண்டும், ஏறத்தாழ 400 கிலோமீட்டர். கொழும்புப் பத்திரிகைக்கு வல்வெட்டித்துறையும் சாவகச்சேரியும் உள்பக்கச் செய்தி. ஈழநாட்டுக்கு அதுதான் ஊர்.

1981 ஜூன் 4 மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். மே 31 அன்று தமிழர் விடுதலைக் கூட்டணியின் பிரசாரக் கூட்டத்தில் போலீஸார் சுடப்பட்டதும் போலீஸ் ஆரம்பித்த வெறியாட்டத்தில் கடைகள், கூட்டணி அலுவலகம், எம்.பி. யோகேஸ்வரனின் வீடு, நூலகம், ஈழநாடு என்று எல்லாம் போயின. நூலகத்தில் எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். அதோடு ஒப்பிட்டால் ஓர் அச்சகம் யார் கண்ணிலும் படாதுதான். ஆனால் ஈழநாடு மறுபடி வெளிவந்தது. எண்பதுகளின் யாழ்ப்பாணத்தில் உதயன், ஈழமுரசு, முரசொலி என்று போட்டிக்கும் ஆள் வந்தாயிற்று.

ஊர்ப் பத்திரிகைகளை நசுக்கியது அதற்குப் பின் வந்த வருடங்கள். அரசுக்கும் இயக்கங்களுக்கும் நடுவில் அச்சடிக்க வேண்டும். ஒருவருக்கு உவப்பான செய்தி அடுத்தவருக்குத் துரோகம். 1987 அக்டோபரில் புலிகளோடு போர் மூண்டபோது, ஈழமுரசு, முரசொலி அச்சகங்களைக் குண்டுவைத்துத் தகர்த்தது யார் தெரியுமா? நம் இந்திய அமைதிப்படை. ஈழநாட்டில் பல காலம் இருந்துவிட்டு ஈழமுரசுக்கு ஆசிரியரான எஸ். எம். கோபாலரத்தினத்தைச் சிறையிலும் வைத்தது. 1981-ஐ மேடைதோறும் சொல்லும் நாம் 1987-ன் அச்சகங்களைச் சொல்வதில்லை. கொளுத்தியவன் அந்நியன் என்றால் நமக்கு ஞாபகசக்தி நன்றாக வேலை செய்கிறது.

ஈழநாடும் பிறகு நின்றது. அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு பாரிஸில் ஒரு வார இதழ் வந்தது. அது வேறு கதை.

பழைய இதழ்கள் ‘நூலகம்’ இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தலையங்கத்தில் தொடங்காதீர்கள், மரண அறிவித்தல்களைப் பாருங்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர் என்று ஆரம்பித்து, மருமக்கள்வரை பேர் வரும், தகனம் எந்த மயானத்தில் என்பதுவரை. கொழும்புக்காரன் அச்சில் இதற்கு அவ்வளவு இடம் விட்டிருக்கமாட்டான்.