பாலிடெக்னிக்கை விடுவதற்கு முன் ஒரு டிரான்சிஸ்டரை அளந்து பார்க்கட்டும்

அக்கா, போன சனிக்கிழமை நீங்கள் அழாத குறையாகக் கேட்ட கேள்விக்கு அன்றைக்கே நான் பதில் சொல்லவில்லை. "என் மகன் இரண்டாம் ஆண்டு எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளோமாவை விட்டுட்டு பிசினஸ் படிக்கப் போறேங்கிறான், தடுக்கிறதா விடுறதா?" என்றீர்கள். தம்பி கொடுத்துவிட்டுப் போன லேப் ரிப்போர்ட்டை வீட்டில் உட்கார்ந்து படித்தேன். இரண்டு வாரத்துக்கு எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

அவனை மடக்கியது ஹைப்ரிட் பாராமீட்டர் என்ற பாடம். டிரான்சிஸ்டர் என்பது பேஸ், கலெக்டர், எமிட்டர் என்று மூன்று கால் உள்ள சின்னப் பாகம்; பேஸில் போகும் சிறு கரண்ட், கலெக்டரில் ஓடும் பெரிய கரண்டைக் கட்டுப்படுத்தும். அதை உள்ளே திறந்து பார்க்காமல், உள்ளீட்டுக்கு இரண்டு, வெளியீட்டுக்கு இரண்டு என நான்கு கம்பி (எமிட்டர் இரண்டு பக்கத்துக்கும் பொது) நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டியாக எண்ணிக்கொண்டு, நான்கே எண்களில் அதன் குணத்தைச் சொல்லிவிடுவது. எச்-ஐ-ஈ உள்ளீட்டுத் தடை, ஓமில் வரும். எச்-எஃப்-ஈ கரண்ட் எத்தனை மடங்கு பெருகுகிறது என்பது. எச்-ஓ-ஈ வெளியீட்டுக் கடத்தல், சீமன்ஸில் வரும். எச்-ஆர்-ஈ வெளியீட்டு வோல்டேஜில் எவ்வளவு பங்கு உள்ளீட்டுக்குத் திரும்புகிறது என்பது. ஒன்றுக்கு ஓம், ஒன்றுக்கு சீமன்ஸ், இரண்டுக்கு அலகே இல்லை. இந்தக் கலப்படத்தால்தான் 'ஹைப்ரிட்' என்று பெயர்.

புத்தகத்தில் "வெளியீட்டை ஷார்ட் செய்து எச்-எஃப்-ஈ கண்டுபிடி" என்று இருக்கிறது. தம்பி சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை! கலெக்டரிலிருந்து எமிட்டருக்கு ஒரு வயரைச் செருகிவிட்டான். கரண்ட் முழுவதும் அந்த வயரில் ஓடியது. பேஸில் எவ்வளவு ஏற்றினாலும் கலெக்டர் மீட்டர் அசையவில்லை. 'கெயின் (பெருக்கம்) பூஜ்யம்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். மதிப்பெண்ணும் அதற்கேற்ப வந்திருக்கிறது.

இது மூளை போதாத தப்பு அல்ல. ஒரே ஒரு சொல் புரியாத தப்பு. இங்கே 'ஷார்ட்' என்றால் வோல்டேஜே இல்லை என்று பொருளல்ல, வோல்டேஜ் மாறக்கூடாது என்று பொருள். 'ஓப்பன்' என்றால் கரண்ட் மாறக்கூடாது. டிசி, அதாவது மாறாத நேர் மின்சாரம், அப்படியே நிற்க வேண்டும்; ஏறி இறங்கும் சிக்னலுக்கு மட்டும்தான் ஷார்ட். அதனால்தான் அங்கே வயருக்குப் பதில் கெப்பாசிட்டர் போடுவார்கள். 1 கிலோஹெர்ட்ஸில் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஏறக்குறைய 1.6 ஓம்தான் காட்டும், டிசிக்கோ அது மூடிய கதவு.

எலெக்ட்ரானிக்ஸ் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவருக்கு அவனை அனுப்புங்கள். (எதிரே இருக்கும் சிம் லிம் ஸ்குவேருக்கு அல்ல. அங்கே போனால் கேமிங் கீபோர்டோடு திரும்பி வருவான்.) 2என்3904 டிரான்சிஸ்டர் ஒன்று, 1 மெகாஓம் பொட்டென்ஷியோமீட்டர் (திருகி மாற்றும் தடை), 100 கிலோஓம் ரெசிஸ்டர் போதும். டிரான்சிஸ்டர் ஒரு கோப்பி காசுகூட ஆகாது. இரண்டு பவர் சப்ளையும் மல்டிமீட்டர்களும் அவனுடைய லேப்பிலேயே இருக்கும். பேஸ் பக்கம் 100 கிலோஓமின் குறுக்கே 1 வோல்ட் காட்டினால் பேஸ் கரண்ட் 10 மைக்ரோஆம்பியர்.

கலெக்டரை 5 வோல்ட்டிலேயே நிறுத்திவிட்டு, பேஸ் கரண்டை 10-லிருந்து 15 மைக்ரோஆம்பியருக்கு ஏற்றட்டும். கலெக்டர் கரண்ட் 1.5-லிருந்து 2.3 மில்லிஆம்பியருக்குப் போகிறது என்று வையுங்கள். 0.8 மில்லியை 5 மைக்ரோவால் வகுத்தால் 160, அதுதான் எச்-எஃப்-ஈ. அதே நேரம் பேஸ் வோல்டேஜ் 11 மில்லிவோல்ட் ஏறியிருந்தால் எச்-ஐ-ஈ 2.2 கிலோஓம். அடுத்து பேஸ் கரண்டை 10-லேயே பிடித்துக்கொண்டு கலெக்டரை 5-லிருந்து 10 வோல்ட்டுக்குத் தள்ளட்டும். கரண்ட் 0.06 மில்லி கூடினால் எச்-ஓ-ஈ 12 மைக்ரோசீமன்ஸ்.

நான்காவதுதான் ஆளைக் குழப்பும். எச்-ஆர்-ஈ பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். கலெக்டரில் 5 வோல்ட் மாற்றத்துக்குப் பேஸ் வோல்டேஜ் அரை மில்லிவோல்ட்தான் ஏறும். ஆனால் டிரான்சிஸ்டர் ஒரு டிகிரி சூடானாலே பேஸ் வோல்டேஜ் 2 மில்லிவோல்ட் இறங்கிவிடும். ஏற வேண்டிய எண் இறங்குவதைப் பார்த்து "நான் எதுக்குமே லாயக்கில்லை" என்று தம்பி நினைத்துக்கொள்ளப் போகிறான். இப்போதே சொல்லிவையுங்கள். அப்போது விரலால் டிரான்சிஸ்டரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர் நகர்வதைப் பார்த்து "ஏன்?" என்று கேட்டானானால், அந்தக் கேள்வியை வைத்துத்தான் நான் முடிவு சொல்வேன்.

ஏனென்றால் நான் இந்த ஆலோசனை வேலைக்கு வருமுன் பல வருடம் ஒரு தொழிற்சாலையில் டெஸ்ட் டெக்னீஷியனாக இருந்தவன். உட்லண்ட்ஸ், தெம்பனிஸ், பாசிர் ரிஸ் வேஃபர் (சிப் செய்யும்) ஆலைகளில் யாரும் உட்கார்ந்து எச் பாராமீட்டர் கணக்குப் போடுவதில்லை, அதற்குக் கணினி இருக்கிறது. ஆனால் ஒன்றைப் பிடித்து நிறுத்தி, இன்னொன்றைக் கொஞ்சம் தள்ளி, மூன்றாவது எவ்வளவு நகர்ந்தது என்று பார்ப்பதுதான் அங்கே ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் நடக்கும் வேலை. எண் சந்தேகமாக இருந்தால் முதலில் சூட்டையும் வயரையும் பார்க்கும் புத்தி அங்கே சோறு போடும்.

அளந்த பிறகும் சலிப்பாகவே இருந்தால் மாறட்டும், அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் "கூட்டாளிங்க எல்லாம் அங்கேதான் இருக்காங்க" என்பது காரணமாகாது. அவனுடைய பாலியில் இருக்கும் இசிஜி (கல்வி, வேலை வழிகாட்டி) ஆலோசகரைப் பார்த்து, எந்தெந்தப் பாடத்துக்கு விலக்கு கிடைக்கும், டிப்ளோமா முடிய மொத்தம் எத்தனை செமஸ்டர் ஆகும், தேசிய சேவைக்குப் போகும் தேதி எப்படித் தள்ளும் என்று மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு என்னிடம் வந்த குடும்பங்கள் உண்டு.

வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை என்றீர்கள். தம்பி அளந்து முடித்ததும் அவனே சொல்லட்டும், கையில் அந்த நான்கு எண்களோடு.