படிப்பும் வசதியும் கூடினால் மதவெறி தானாகக் குறையாதா?

"நாடு நவீனமானால் மத அடிப்படைவாதம் மறைந்துபோக வேண்டுமே, ஏன் சில இடங்களில் வன்முறையாக வெடிக்கிறது?" என்பது கேள்வி. அதைப் பழமையின் மிச்சம் என்று நினைப்பதில்தான் சிக்கல். நான் பார்த்தவரை அது பள்ளிக்கூடம் போய், அச்சுப் புத்தகம் படித்து, ஊரைவிட்டு வெளியேறிய தலைமுறையின் சரக்கு.

யாழ்ப்பாணத்திலிருந்தே சொல்கிறேன். என் அம்மம்மாவுக்கு வைரவரும் வேண்டும், மடு மாதாவும் வேண்டும். கொழும்புக்குப் போனால் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தாமல் திரும்பமாட்டார். "உங்கள் மதத்தின் கொள்கை என்ன?" என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார். கொள்கையைக் கேள்வி பதிலாகப் பாடமாக்குவது மிஷன் பள்ளிகள் பரப்பிய பழக்கம். பேர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்த ஆறுமுக நாவலர் அந்த முறைகளையே சைவத்துக்கு எடுத்துக்கொண்டார். 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம், பிறகு அச்சியந்திரம், சைவ வினாவிடை, பிரசங்கம். நல்லூர்க் கோயிலே ஆகமப்படி இல்லை என்று கண்டித்தவர் அவர். வன்முறைக்கும் அவருக்கும் தொடர்பில்லை. ஆனால் சரியான மதம் ஊர் வழக்கத்தில் இல்லை, புத்தகத்தில்தான் இருக்கிறது என்ற எண்ணம் இப்படித்தான் ஊன்றுகிறது. தெற்கில், சிங்கள பௌத்தர்களோடு சேர்ந்து வேலை செய்த அமெரிக்கர் ஒல்கொட் 1881இல் பௌத்த வினாவிடை போட்டதும் இதே வழிதான்.

அடுத்தது சமத்துவம். இதை அதிகம் பேர் பேசுவதில்லை. இலவசக் கல்வி வந்தது, 1957இல் தீண்டாமையைத் தண்டிக்கும் சட்டமும் வந்தது. 1968இல் ஒடுக்கப்பட்ட மக்கள் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போக வந்தபோது வாசலை மறித்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் படிக்காத பாமரர் அல்ல. ஒக்ஸ்போட்டில் படித்த கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம்! கீழே வைத்திருந்தவன் படித்துவிட்டு வாசலில் வந்து நிற்கும்போதுதான் மேலே இருப்பவனுக்கு ஆகமம் ஞாபகம் வருகிறது.

அப்புறம் கைபேசி. 2018இல் கண்டிக்குப் பக்கத்திலுள்ள திகன பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது வெறுப்பு பேஸ்புக்கில் ஓடியது. அரசாங்கம் சமூக ஊடகங்களையே சில நாள் முடக்கியது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலை நடத்திய சஹ்ரானின் தமிழ்ப் பேச்சுகளும் இணையத்தில்தான் சுற்றின. அவரோடு தற்கொலைக் குண்டுதாரிகளாகச் செத்தவர்களில் பணக்கார மசாலாச் சரக்கு வியாபாரி ஒருவரின் இரண்டு மகன்கள் இருந்தார்கள். பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் படித்த ஒருவரும் இருந்தார். குண்டு வெடித்த தேவாலயங்களில் அம்மம்மாவின் கொச்சிக்கடையும் ஒன்று.

சரி, படித்தவர்கள் எல்லோரும் இப்படி ஆகவில்லையே? ஆகவில்லை. படித்தால் மேலே வரலாம் என்ற வாக்குறுதி உடைய வேண்டும், அரசு ஒரு பக்கம் சாய வேண்டும், அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ள ஓர் அமைப்பும் தயாராக இருக்க வேண்டும். எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் (தமிழ் மாணவர்கள் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டும் என்ற முறை) வந்தபோது எங்கள் பெடியன்களுக்கு இவை எல்லாமே இருந்தன. ஆனால் அவர்களை வாங்கிக்கொண்டவை மதம் பேசாத தேசிய இயக்கங்கள். சைவரும் கிறிஸ்தவரும் ஒன்றாகவே போனார்கள்.

அதற்காக நாங்கள் தப்பிவிட்டோம் என்று மார்தட்ட முடியாது. 1990 அக்டோபர் 30 அன்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, யாழ்ப்பாண முஸ்லிம்களை ஜின்னா மைதானத்தில் கூட்டி, இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். அதற்கு எந்த வேத வசனத்தையும் அவர்கள் எடுத்துக்காட்டவில்லை.