அடைப்புக்குறிக்குள் தூங்கும் அப்பா

கேள்வி: என் மகனுக்கு ஐந்து மாதம். பிறந்ததிலிருந்து துணி நாப்கின்தான் கட்டுகிறேன். ஒரு மாதமாகப் பிட்டமும் தொடையும் அடிவயிறும் சிவந்து கிடக்கின்றன. தொடை இடுக்கில் மட்டும் இல்லை. காலையில் பார்த்தால் வெந்தது போல இருக்கும். சாயங்காலத்துக்குள் கொஞ்சம் தணியும். பகலில் நனைந்தவுடன் மாற்றிவிடுகிறேன். (ராத்திரி மட்டும் பத்து மணிக்கு இரண்டு துணியாகக் கட்டி, மேலே பிளாஸ்டிக் ஜட்டி போட்டுவிட்டால் காலை ஐந்தரைக்குத்தான் அவிழ்ப்பேன். அடிக்கடி விளக்கைப் போட்டால் அவர் தூக்கம் கெடும், வேலைக்குப் போகிறவர்.) சோப்பையும் பவுடரையும் மாற்றிப் பார்த்தேன். வீட்டிலிருந்த படர்தாமரைக் களிம்பைத் தடவினால் ஒரே நாளில் சிவப்பு குறைகிறது, நிறுத்தினால் திரும்பி வருகிறது. துணியே ஆகாது, கடை டயபர் போடு என்கிறார் மாமியார். எந்தக் களிம்பு நல்லது?

பதில்: களிம்புக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த அடைப்புக்குறி.

சோப்பு, பவுடர், மாமியார் எல்லோரையும் வெளியே நிறுத்திவிட்டு, விஷயத்தை மட்டும் அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். காலையில் மோசம், சாயங்காலம் தேவலை என்று நீங்களே எழுதுகிறீர்கள். அப்படியென்றால் பகலில் ஆறுவதை ராத்திரி கெடுக்கிறது. ஏழரை மணி நேரம் ஈரத்தில் கிடக்கிறான், காற்றுப் புகாத உறைக்குள். ஐந்து மாதப் பிள்ளை, நடுவில் பாலுக்கு அழாமலா இருப்பான்? இருட்டிலேயே பால் கொடுத்து, கீழே கைவைத்துப் பார்க்காமல் மறுபடி படுக்க வைக்கிறீர்கள். எதற்கு? ஒரு பெரிய மனிதர் கண் விழிக்கக் கூடாது என்பதற்கு.

ஐந்தரை மணிக்கு அந்த ஜட்டியைக் கழற்றும்போது மூக்கில் ஏறும் நெடி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது அம்மோனியா. சிறுநீரில் உள்ள யூரியாவை, மலத்தில் இருக்கும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. ஆரோக்கியமான தோலுக்கு லேசான அமிலத்தன்மை உண்டு, அதுதான் அதற்குக் காவல். அம்மோனியா அந்தக் காவலைக் கெடுக்கும். உடனே மலத்தோடு வரும் செரிமான நொதிகளுக்கு வேகம் பிறந்து தோலையே அரிக்கத் தொடங்கும். அதோடு, வெகுநேரம் துணி துவைத்த கைவிரல் போல ஊறிப்போன தோல், துணி லேசாக உரசினாலே பிய்ந்துவிடும். பிளாஸ்டிக் ஜட்டி செய்வதெல்லாம் படுக்கையைக் காப்பாற்றுவதுதான். உள்ளே சூடும் ஈரமும் அப்படியே நிற்கும்.

தொடை இடுக்கில் சிவப்பு இல்லை என்று எழுதியது நல்ல தகவல். துணி உரசும் மேடான இடங்கள் சிவந்து மடிப்புகள் தப்பித்திருந்தால் பெரும்பாலும் ஈரத்தால் வந்த புண்தான். மடிப்புக்குள்ளேயே இறங்கி, அடர் சிவப்பாகி, ஓரத்தில் புள்ளி புள்ளியாகப் பரவினால் பூஞ்சை. ஆன்டிபயாடிக் மருந்து சாப்பிட்ட குழந்தைகளுக்கு அது எளிதில் வரும். அதற்கு மருத்துவர் எழுதித்தரும் பூஞ்சைக் களிம்பு வேண்டும்.

இப்போது உங்கள் கணவர். வேலைக்குப் போகிறவர், சரி. நீங்கள் மட்டும் பகலெல்லாம் ஊஞ்சலாடுகிறீர்களா? ராத்திரி ஒருமுறை எழுந்து துணி மாற்றிக் கொடுத்தால் அவர் வேலை ஒன்றும் போய்விடாது. அப்பா என்று கூப்பிட ஒரு பிள்ளை வேண்டும் என்று ஆசைப்பட்டவர் இதையும் செய்யத்தான் வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஆனால் அவரை மட்டும் திட்ட முடியவில்லை. அவரிடம் கேட்டேன், மறுத்துவிட்டார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நீங்களாகவே அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டு, அவருடைய தூக்கத்துக்குப் பிள்ளையின் தோலை ஈடு வைத்திருக்கிறீர்கள். இதைப் பொறுமை என்றும் குடும்பத்துக்கு அடக்கம் என்றும் பாராட்ட ஊரில் நிறையப் பேர் உண்டு. நான் பாராட்ட மாட்டேன். இன்றைக்கே எழுப்புங்கள். நள்ளிரவு முறை அவருக்கு, விடியற்காலை முறை உங்களுக்கு. மங்கலான சின்ன விளக்கு போதும்; துணிகளை மடித்துக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. பிளாஸ்டிக் ஜட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, படுக்கையில் தண்ணீர் இறங்காத விரிப்பைப் போட்டு அதன் மேல் பருத்தித் துணி விரியுங்கள்.

மாமியார் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. கடை டயபருக்குள் இருக்கும் பொடி ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும், துணிக்கு அந்தத் திறன் இல்லை. அதனால்தான் துணி கட்டுகிறவர்கள் நனைந்தவுடன் மாற்ற வேண்டும். தெரியவில்லை என்றால் விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கொரு தரம் தொட்டுப் பார்க்க வேண்டும். புண் ஆறும்வரை ராத்திரிக்கு மட்டும் கடை டயபர் போடுவதென்றால் போடுங்கள், பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் அதிலும் மலம் போனால் உடனே எழுந்துதான் ஆக வேண்டும். அவருக்கும் சொல்லிவையுங்கள்.

ஒவ்வொரு முறை மாற்றும்போதும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். சோப்பு ஒவ்வொரு தடவையும் வேண்டாம், வாசனை போட்ட ஈரத் தாள்கள் வேண்டவே வேண்டாம். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் கட்டாமல் விடுங்கள். ஒரு நாளைக்குப் பலமுறை, பத்துப் பதினைந்து நிமிடமாவது காற்றுப் படட்டும். விரிப்பு நனையும், நனையட்டும். பவுடர் மாற்றினேன் என்கிறீர்களே, மாற்ற வேண்டாம், நிறுத்துங்கள். அந்தத் தூள் மூச்சில் போனால் பிள்ளையின் நுரையீரலுக்கு ஆகாது.

சரி, களிம்பு. ஜிங்க் ஆக்சைடு களிம்பு, இல்லையென்றால் வெறும் பெட்ரோலியம் ஜெல்லி. தோல் தெரியாத அளவுக்குத் தடிமனாகப் பூசுங்கள். அது ஈரத்துக்கும் தோலுக்கும் நடுவில் நிற்கும் தடுப்பு. அடுத்த முறை மாற்றும்போது அதைச் சுரண்டி எடுக்காதீர்கள்; அழுக்கை மட்டும் துடைத்து அதன் மேலேயே பூசலாம். களிம்பு துணியில் ஒட்டினால் துணி ஈரத்தை உறிஞ்சாது, ஆகவே உள்ளே ஒரு மெல்லிய பழைய பருத்தித் துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் படர்தாமரைக் களிம்பை மட்டும் இனி தொடக்கூடாது. ஒரே நாளில் சிவப்பு இறங்குகிறதென்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அட்டையில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். பெரியவர்களுக்காக வாங்கியதைப் பச்சைப்பிள்ளைக்குத் தடவ உங்களுக்கு எப்படித் தைரியம் வந்தது? இறுகக் கட்டிய ஈரத் துணிக்குள் அந்த மருந்து உடம்புக்குள் இன்னும் அதிகமாக இறங்கும். தோலை மெலிதாக்கிவிடும். பூஞ்சை இருந்தால் அதை மறைத்து வளர்க்கும்.

துவைப்பதில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. நுரை போகும்வரை அலசுங்கள், துணியை மிருதுவாக்கும் திரவம் சேர்க்காதீர்கள், வெயிலில் காயப் போடுங்கள். காய்ந்த துணி நனைந்தவுடனே நெடி அடித்தால் சரியாகத் துவைக்கவில்லை என்று அர்த்தம்.

இப்படிச் செய்தும் இரண்டு மூன்று நாளில் தணியவில்லை என்றாலோ, கொப்புளம், சீழ், இரத்தக் கசிவு, காய்ச்சல் ஏதாவது வந்தாலோ குழந்தை மருத்துவரிடம் போங்கள். இரண்டு பேருமாகப் போங்கள். அந்தக் களிம்புக் குழாயையும் கையோடு எடுத்துப் போய், எத்தனை நாள் தடவினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.